மராமத்து, பொதுப்பணி, உள்கட்டமைப்பு: ஆந்திர நீர்ப்பாசன முதலீட்டின் வரலாறும் அதன் சொற்களும்

1. முன்னுரை

ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை வலுப்படுத்த அரசு அணை கட்டுகிறது, கால்வாய் வெட்டுகிறது, சாலையும் துறைமுகமும் அமைக்கிறது. பொருளியலார் இப்பணிகளைச் செலவின் அளவாலும் விளைவின் அளவாலும் மதிப்பிடுவர். மொழியியல் நோக்கில் இவற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அரசின் கணக்கேட்டில் ஒரு செலவு இடம்பெற வேண்டுமாயின் அதற்கு ஒரு தலைப்புப் பெயர் வேண்டும். பழுதுபார்ப்பு என்ற பெயரில் எழுதப்படும் செலவு, வருவாய் குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படும். மூலதனம் என்ற பெயரில் எழுதப்படும் செலவைக் கடன் வாங்கியும் செய்யலாம். ஒரே ஆற்றில், ஒரே நோக்கத்திற்காகச் செய்யப்படும் பணியாயினும், இடப்படும் பெயருக்கு ஏற்ப அதற்குக் கிடைக்கும் பணமும் காலமும் மாறுகின்றன.

பழைய சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்களில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் நடைபெற்ற நீர்ப்பாசன முதலீட்டை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கோதாவரி டெல்டாவும் இராயலசீமையும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. இவ்விரு பகுதிகளும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. ஒரே மொழி பேசுபவை. எனினும் அரசு முதலீடு அவற்றுக்கு ஒரே அளவில் கிடைக்கவில்லை. நிலவியல் வேறுபாடு இதற்கு ஒரு காரணம். செலவினத்திற்கு இடப்பட்ட பெயர்கள் மற்றொரு காரணம் என்பதும், அதன் விளைவு தெலுங்கு மொழியின் தரவழக்கு வரை நீண்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. மராமத்து என்னும் கருத்தாக்கம்

'மராமத்து' என்பது பழுதுபார்த்தலைக் குறிக்கும் 'மரம்மத்' என்னும் அரபுச் சொல்லினின்று பாரசீகம், உருது ஆகிய மொழிகளின் வழியே தென்னக மொழிகளுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் ஏரி, கால்வாய், சாலை ஆகியவற்றின் பராமரிப்பு வருவாய் வாரியத்தின் பொறுப்பில் இருந்தது. அதற்கான பிரிவு மராமத்து என்ற பெயராலேயே ஆங்கில ஆவணங்களிலும் வழங்கப்பட்டது.

இப்பெயரில் ஒரு முற்கோள் அடங்கியுள்ளது. பழுதுபார்ப்பதற்கு முன்பே ஒரு பொருள் இருந்தாக வேண்டும். முன்னோர் கட்டிய ஏரியும் வாய்க்காலும் இருக்கின்றன. அவை உடையாமல் பார்த்துக்கொண்டால் நிலவரி குறையாது. அவ்வளவே அரசின் கடமை என்னும் எண்ணத்தை இச்சொல் தாங்கி நின்றது. காவிரிப் படுகையையும் ஏரிகள் நிறைந்த மாவட்டங்களையும் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரிதும் பொருந்தியது எனலாம்.

இதனுடன் இணைத்து நோக்கத்தக்கது 'குடிமராமத்து' என்னும் தொகைச்சொல். தமிழ்ச்சொல்லாகிய 'குடி'யும் அரபு மூலச் சொல்லாகிய 'மராமத்து'ம் சேர்ந்த கலப்புத்தொகை இது. கால்வாயைத் தூர் வாருதல், கரையில் மண் இடுதல் போன்ற சிறு பணிகளை ஊரார் தம் உழைப்பால் செய்யும் வழக்கத்தை இது குறித்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவம் அளிக்க முயன்றது. பெரும்பழுது அரசுக்கு, சிறுபழுது குடிகளுக்கு என்னும் பகுப்பு இவ்விரு சொற்களில் தெளிவாக உள்ளது. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு மட்டும் இச்சொற்களஞ்சியத்தில் இடமில்லை.

3. கோதாவரி அணைக்கட்டு

புதிதாகக் கட்டவேண்டிய தேவை கோதாவரிக் கரையில் எழுந்தது. ராஜமுந்திரி மாவட்டம் 1830களில் அடுத்தடுத்துத் துன்பங்களைச் சந்தித்தது. 1832-33ஆம் ஆண்டுகளில் கடும் பஞ்சம் வந்தது. 1839இல் கொரிங்கா துறைமுகப் பகுதியைப் புயல் அழித்தது. நரசாபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரின் பெயரே 'மாடபொல்லம்' என்று திரிந்து உலகச் சந்தையில் ஒரு துணிவகையின் பெயராகும் அளவுக்கு இப்பகுதி நெசவால் செழித்திருந்தது. இங்கிலாந்தின் ஆலைத் துணி வந்ததும் கம்பெனி தன் வாணிகத்தைக் கைவிட்டதும் அந்நெசவை நலியச் செய்தன. 1821ஐ ஒட்டி ஏழு இலட்சத்திற்கு மேல் இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1840ஐ ஒட்டி ஆறு இலட்சத்திற்கும் கீழ் இறங்கியது. பெருநதி ஒன்று மாவட்டத்தின் ஊடே கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தபோதே இச்சரிவு நேர்ந்தது.

நிலைமையை ஆராய அனுப்பப்பட்ட ஹென்றி மாண்ட்கோமரி, பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஆற்று நீரைப் பயன்படுத்தும் வழியைக் காணுமாறு பரிந்துரைத்தார். அப்பொறுப்பு ஆர்தர் காட்டனிடம் (1803-1899) வந்தது. அவர் அதற்கு முன் காவிரிப் பகுதியில் பணியாற்றியவர். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பு மேலணையைக் கட்டியவர். மணற்படுகையின் மீது கனமான அணையை நிலைநிறுத்த முடியும் என்பதற்குக் கல்லணை அவர் கண்முன் இருந்த சான்றாகும். அவ்வறிவு கோதாவரிக்குச் சென்றது. தவளேசுவரத்தில் 1847இல் தொடங்கிய பணி 1852இல் நிறைவுற்றது. ஆற்றிடைத் தீவுகளை இணைத்து நான்கு பகுதிகளாகக் கட்டப்பட்ட அவ்வணையில் தவளேசுவரம், ராலி, மத்தூர், விஜ்ஜேசுவரம் என்பன பகுதிப் பெயர்கள். இப்பணியில் காட்டனுக்குத் துணைநின்ற வீணம் வீரண்ணாவின் பெயரும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. இதனை அடுத்து விஜயவாடாவில் கிருஷ்ணா அணைக்கட்டு 1855இல் முடிவுற்றது.

விளைவு விரைவில் தெரிந்தது. கோதாவரி டெல்டாவின் பாசனப் பரப்பு காலப்போக்கில் பத்து இலட்சம் ஏக்கர் அளவுக்கு விரிந்தது. நிலவரி உயர்ந்தது, மக்கள்தொகை மீண்டும் பெருகியது. கால்வாய்கள் பாசனத்திற்கும் படகுப் போக்குவரத்திற்கும் ஒருங்கே பயன்பட்டதால் நெல் சந்தையை எளிதில் அடைந்தது. பக்கிங்காம் கால்வாயுடன் இவை இணைந்தபின், காக்கிநாடாவிலிருந்து சென்னை வரை சரக்குப் படகு செல்ல வழி ஏற்பட்டது.

இவ்வெற்றி 'மராமத்து' என்னும் பெயரின் போதாமையை வெளிப்படுத்தியது. 1852இல் சென்னை மாகாணப் பணிகளை ஆராய்ந்த ஆணையர் குழு, அரசு இத்துறையில் மிகக் குறைவாகவே செலவிட்டு வந்தது என்று குறைகூறியது. 1854இல் டல்ஹவுசி பிரபு இந்திய அளவில் தனித்துறை ஒன்றை நிறுவினார். 'பழுதுபார்ப்பு' என்னும் கருத்து பின்தங்கி, 'பொதுமக்களுக்கான பணி' என்னும் கருத்து முன்வந்தது.

அத்துறையின் ஆங்கிலப் பெயர் நாடு முழுவதற்கும் ஒன்றே. இந்திய மொழிகள் அதனை மொழிபெயர்த்த விதம் வேறுபடுகிறது. தமிழில் முன்பு 'மராமத்து இலாகா' எனப்பட்டது பின்னர் 'பொதுப்பணித் துறை' ஆயிற்று. மலையாளத்தில் இன்றும் 'பொதுமராமத்து வகுப்பு' என்றே வழங்குகிறது. புதிய துறைப்பெயருக்குள் பழைய சொல் குடியிருக்கிறது. கன்னடத்தில் 'லோகோபயோகி இலாகெ' என்பர். உலகோர்க்குப் பயன்படுதல் என்னும் பொருள் அதில் முதன்மை பெறுகிறது. இந்தியில் 'லோக் நிர்மாண்', மராத்தியில் 'சார்வஜனிக் பாந்தகாம்' எனக் கட்டுமானப் பொருளே மேலோங்குகிறது. ஒரே மூலத்தைப் பழுது, பணி, பயன், கட்டுமானம் என நான்கு கோணங்களில் மொழிகள் கண்டுள்ளன.

4. பணியோடு பயணம் செய்த சொற்கள்

காவிரியின் பொறியியல் கோதாவரிக்குச் சென்றபோது அதன் சொல்லும் உடன் சென்றது. 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆயிற்று. யூல், பர்னெல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதனைத் தமிழ்த் தொகைச்சொல்லாகவே பதிவு செய்து, அண்மைக்காலத்தில் இந்தியா எங்கும் அறிமுகமான சொல் என்று குறிப்பிடுகிறது. ஆங்கில வடிவத்தில் மூர்தன்ய ணகரம் நுனிநா ஒலியாயிற்று. இரட்டை ஒலிகள் ஒற்றையாயின. இறுதிக் குற்றியலுகரம் மறைந்தது.

அண்டை மொழிகளில் இச்சொல்லின் இனச்சொற்கள் முன்பே வழங்கின. கன்னடத்தில் 'அணெகட்டு', மலையாளத்தில் 'அணக்கெட்டு' எனவும், தெலுங்கில் 'ஆனகட்ட' எனவும் வழங்கும். தெலுங்கு வடிவத்தில் முதல் உயிர் நெடிலாகவும் ணகரம் னகரமாகவும் இருப்பதும், பிற்பகுதி கரை என்னும் பொருளுடைய 'கட்ட' என்னும் பெயர்ச்சொல்லாக அமைந்திருப்பதும் நோக்கத்தக்கன.

'ஆயக்கட்டு' இவ்வகையில் மற்றொரு சொல். ஒரு நீர்ப்பணியின் கீழ்ப் பாசனம் பெறும் நிலப்பரப்பு என்னும் பொருளில் இது தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவானது. இந்தியப் பொறியாளரின் ஆங்கிலத்தில் இச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் இன்றும் 'ஆயகட்' என்றே எழுதப்படுகிறது. மிகைநீர் வெளியேறும் அமைப்பைக் குறிக்கும் 'கலிங்கல்' என்பது 'காலிங்குலா' எனச் சென்னை மாகாணப் பொறியியல் ஆங்கிலத்தில் புகுந்தது.

எதிர்த்திசையிலும் சொற்கள் பயணம் செய்தன. கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் 'லாக்' என்னும் அமைப்பு தெலுங்கில் 'லாகு' ஆகி, பன்மையில் 'லாகுலு' என டெல்டாவின் இடப்பெயர்களிலும் நிலைத்தது. படையைக் குறித்த பாரசீகச் சொல்லாகிய 'லஷ்கர்', மதகு திறந்து மூடும் கடைநிலை ஊழியரைக் குறிக்கும் 'லஸ்கர்' ஆயிற்று. 'துரை' என்னும் தமிழ்ச்சொல்லின் இனமாகிய 'தொர' என்பதைச் சேர்த்து, அணையைக் கட்டியவரை மக்கள் 'காட்டன் தொர' என்று அழைத்தனர்.

இச்சொற்பட்டியலில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. அணை, கரை, மிகைநீர்ப் போக்கு, பாசனப் பரப்பு ஆகிய பொருள்களின் பெயர்கள் உள்நாட்டு மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றன. அப்பொருள்களை மதிப்பிடும் கணக்குச் சொற்கள் ஆங்கிலத்திலேயே தோன்றி ஆங்கிலத்திலேயே தங்கின. பணியைக் குடியானவர் தம் மொழியில் பேசினர். அப்பணி வேண்டுமா வேண்டாவா என்னும் முடிவு அவர் அறியாத மொழியின் சொற்களில் எடுக்கப்பட்டது.

5. ஆக்கப்பணியும் காப்புப்பணியும்

கோதாவரியில் கிடைத்த வருவாய், பாசனம் இலாபம் தரும் முதலீடு என்னும் எண்ணத்தை வளர்த்தது. இருப்புப்பாதைக் கம்பெனிகளுக்கு 1849 முதல் அரசு ஐந்து விழுக்காடு வட்டி உத்தரவாதம் அளித்து வந்தது. அம்முறை பாசனத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. துங்கபத்திரையில் சுங்கேசுலா என்னுமிடத்தில் அணை கட்டி, கர்னூல், கடப்பை மாவட்டங்கள் வழியே நெடுங்கால்வாய் வெட்டும் பொறுப்பைச் சென்னைப் பாசனக் கம்பெனி ஏற்றது. காட்டன் ஆதரித்த திட்டம் இது. ஆயினும் இது எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. கரிசல் நிலத்தில் புன்செய்ப் பயிர் செய்து பழகிய குடியானவர், மழை பெய்யும் ஆண்டில் நீருக்கு வரி கொடுக்க முன்வரவில்லை. 1882இல் அரசு இக்கால்வாயைத் தானே ஏற்க நேர்ந்தது. டெல்டாவில் வென்ற முறையை மண்ணும் பயிரும் வேறான இடத்தில் அப்படியே பெயர்த்து நட்டதன் விளைவு இது.

இதற்கிடையில் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வந்தது. கர்னூல், கடப்பை, பெல்லாரி ஆகிய மாவட்டங்கள் கொடிய இழப்புக்கு உள்ளாயின. 1871, 1881 ஆகிய இரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையில் கர்னூல், பெல்லாரி மாவட்டங்களின் மக்கள்தொகை பெருமளவு குறைந்தது. அணைக்கட்டு நீர் பெற்ற கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்கள் அத்தகைய பேரழிவிலிருந்து தப்பின.

பஞ்சத்தின் பின்னர் 1878இல் ஆண்டுக்கு 150 இலட்சம் ரூபாய் அளவில் பஞ்சக் காப்பு நிதி ஒன்று திட்டமிடப்பட்டது. பாசனப் பணிகள் 'புரொடக்டிவ்', 'புரொடெக்டிவ்' என இரு வகைப்பட்டன. இவற்றை முறையே ஆக்கப்பணி, காப்புப்பணி எனலாம். பணி முடிந்த பத்து ஆண்டுகளுக்குள் அதன் நிகர வருவாய் மூலதனத்தின் வட்டியை ஈடுகட்டுமாயின் அது ஆக்கப்பணி. அதனைக் கடன் வாங்கிக் கட்டலாம். ஈடுகட்டாது எனினும் பஞ்சத்தைத் தடுக்கும் என்றால் காப்புப்பணி. அதற்கு நடப்பு வருவாயிலிருந்து ஒதுக்கப்படும் அளவான தொகையே உண்டு. பிற்காலக் கணக்குகளில் 'ஆக்கமற்ற பணி' என்னும் பொருள்தரும் தலைப்பும் இடம்பெற்றது.

மொழிபெயர்ப்பாளர் இங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'புரொடக்டிவ்' என்பதை 'உற்பத்தித் திறன் மிக்க' என்று பெயர்த்தால் பொருள் பிறழும். இச்சொல் நெல் விளைச்சலையோ மக்கள் வருவாயையோ குறிக்கவில்லை. அரசுக் கருவூலத்திற்கு மீளும் பணத்தை மட்டுமே குறித்தது. ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் ஓர் ஏரி கருவூலத்திற்கு வட்டி ஈட்டாவிட்டால் இக்கணக்கில் ஆக்கப்பணி ஆகாது. அன்றாட வழக்கில் விரிந்த பொருளுடைய ஒரு சொல், கணக்கேட்டில் குறுகிய பொருளில் நின்று, விரிந்த பொருளின் மதிப்பைத் தனக்கு ஈட்டிக்கொண்டது. 'ஆக்கமற்ற' என்னும் அடை ஒரு பணியின்மீது ஏறியபின், அதற்காக வாதாடுவோர் முதலில் அப்பெயரோடு போராட வேண்டியிருந்தது.

சிறுபணிகளின் நிலை இன்னும் நோக்கத்தக்கது. மாகாணத்தின் பல்லாயிரம் ஏரிகள் 'மூலதனக் கணக்கும் வருவாய்க் கணக்கும் வைக்கப்படாத பணிகள்' என்னும் வகையில் அடங்கின. எதிர்மறையால் மட்டுமே வரையறுக்கப்பட்ட ஒரு வகைப்பெயர் இது. கணக்கு இல்லாததால் அவற்றின் பயனும் ஏட்டில் ஏறவில்லை. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோதிலும், பெரும் அணைகளுக்குக் கிடைத்த முதன்மை இவற்றுக்குக் கிட்டவில்லை.

1901 முதல் 1903 வரை பணியாற்றிய இந்தியப் பாசன ஆணையம் இச்சிக்கலை உணர்ந்தது. காப்புப்பணியின் மதிப்பை வட்டியால் மட்டும் அளவிடலாகாது. பஞ்ச நிவாரணச் செலவு எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்து அளவிட வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. ஆயினும் துங்கபத்திரைத் திட்டத்தின் வரலாறு இக்கருத்து எவ்வளவு மெதுவாக நடைமுறைக்கு வந்தது என்பதைக் காட்டும். 1860ஐ ஒட்டியே பேசப்பட்ட அத்திட்டத்தின் பணி 1945இல் தொடங்கி, 1953இல்தான் நீர் திறக்கப்பட்டது. சென்னை, ஐதராபாத், மைசூர் ஆகிய அரசுகளுக்கிடையே நிலவிய நீர்ப்பங்கீட்டு வேறுபாடுகளும் இத்தாமதத்திற்குக் காரணமாயின.

6. முதலீடும் மொழியின் தரவழக்கும்

டெல்டாவில் பெருகிய செல்வம் நெல்லோடு நிற்கவில்லை. நிலவுடைமையாளர் கல்வியிலும் அச்சகத்திலும் வணிகத்திலும் திரைப்படத்திலும் முதலிட்டனர். ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1874இல் 'விவேகவர்த்தனி' இதழைத் தொடங்கினார். ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926இல் விஜயவாடாவில்தான் முதலில் அமைந்தது. நவீனத் தெலுங்கின் தரவழக்கு கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர் மாவட்டக் கற்றோர் பேச்சை அடியாகக் கொண்டது என்பது தெலுங்கு மொழியியலில் ஏற்கப்பட்ட கருத்து. இதற்குப் பண்பாட்டுக் காரணங்களும் கல்வி வரலாற்றுக் காரணங்களும் உண்டு. அவற்றின் அடித்தளத்தில் கால்வாய் நீரும் இருந்தது என்பதை மறுத்தல் அரிது. ஒரு பேச்சுவழக்கு தரம் பெறுவதற்கு அதனைப் பேசுவோர் இதழ் நடத்தவும் பள்ளி கட்டவும் வல்லவராதல் வேண்டும்.

பயிர்ப்பருவப் பெயர்கள் இதற்கு எளிய சான்று. கோதாவரிப் பகுதியில் முதற்போக நெல்லைச் 'சார்வா' என்றும் இரண்டாம் போக நெல்லைத் 'தாள்வா' என்றும் கூறுவர். தெலங்கானாவில் 'வானாகாலம்', 'யாசங்கி' என்பன வழக்கு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொகுத்து 1962இல் வெளிவந்த 'மாண்டலிக விருத்தி பதகோசம்' வேளாண் சொற்களை வட்டாரவாரியாகத் திரட்டியதன் பயன் இத்தகைய இடங்களில் புலப்படும். தெலங்கானா 2014இல் தனி மாநிலமான பின்னர் 'வானாகாலம்', 'யாசங்கி' ஆகிய சொற்கள் அம்மாநில அரசின் ஆவணங்களிலும் இடம்பெற்றன. தனி மாநிலப் போராட்டத்தின் முழக்கமே 'நீள்ளு, நிதுலு, நியாமகாலு' என அமைந்தது. நீர், நிதி, வேலை நியமனம் ஆகிய மூன்றையும் நகர மோனையால் கட்டிய தொடர் இது. நீர் அதில் முதலிடம் பெற்றது. தம் 'யாச' என்னும் பேச்சுவழக்கு இழிவாகக் கருதப்படுவது பற்றிய மனக்குறையும் அதே போராட்டத்தில் ஒலித்தது.

இராயலசீமையின் வரலாறு இதற்கு முற்பட்டது. 1800இல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த இம்மாவட்டங்கள், 'கொடுக்கப்பட்ட மாவட்டங்கள்' என்று ஆங்கிலத்திலும் 'தத்த மண்டலம்' என்று தெலுங்கிலும் வழங்கின. ஒரு கைமாற்றத்தின் பெயரே வட்டாரத்தின் பெயராக நிலைத்திருந்தது. 1928இல் நந்தியாலில் கூடிய மாநாட்டில் 'இராயலசீமை' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. விசயநகர இராயர்களின் நாடு என்னும் பெருமிதம் இப்பெயரில் உள்ளது.

பெயர் மாறியபின் கோரிக்கை எழுந்தது. தெலுங்கு மாவட்டங்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்னும் இயக்கம் வளர்ந்தபோது, டெல்டாவின் ஆதிக்கத்திற்கு உட்பட நேரும் என்னும் அச்சம் இராயலசீமைத் தலைவர்களிடம் இருந்தது. 1937 நவம்பரில் சென்னையில் காசிநாதுனி நாகேசுவர ராவின் 'ஸ்ரீபாக்' இல்லத்தில் இருதரப்பினரும் கூடி ஓர் உடன்பாடு செய்தனர். துங்கபத்திரை, கிருஷ்ணா, பெண்ணாற்று நீரைப் பயன்படுத்துவதில் இராயலசீமைக்கும் நெல்லூருக்கும் பத்து ஆண்டுகள் முன்னுரிமை தருவது அதன் முதன்மையான கூறுகளுள் ஒன்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்னூல் தலைநகரானது இவ்வுடன்பாட்டின் தொடர்ச்சியாகும்.

மொழிவழி மாநில வரலாற்றை எழுதுவோர் இவ்வுடன்பாட்டுக்கு உரிய இடம் அளித்தல் வேண்டும். மொழி ஒன்றாக இருப்பது ஒன்றுபடப் போதுமான காரணமாகவில்லை. கால்வாய் எங்கே வெட்டப்படும் என்பது எழுத்தில் உறுதியான பின்னரே ஒருமொழி பேசுவோர் ஓர் அணியில் நின்றனர்.

7. உள்கட்டமைப்பு

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொதுப்பணி என்னும் சொல்லின் இடத்தை மற்றொரு சொல் பெற்றது. 1875ஐ ஒட்டிப் பிரெஞ்சு மொழியில் இருப்புப்பாதைத் தண்டவாளத்தின் அடித்தளத்தைக் குறித்த 'இன்ஃப்ராஸ்டிரக்சர்', 1927ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தது. 1950களில் நேட்டோ அமைப்பின் படைத்தள ஏற்பாடுகளைக் குறித்துப் பரவி, பின்னர் வளர்ச்சிப் பொருளியலின் கலைச்சொல்லாயிற்று.

இந்திய மொழிகள் இதனை இரு வழிகளில் பெயர்த்துள்ளன. ஒரு வழி கட்டமைப்பை முதன்மைப்படுத்துவது. தமிழின் 'உள்கட்டமைப்பு', இலங்கைத் தமிழின் 'உட்கட்டமைப்பு', இந்தியின் 'புனியாதி டாஞ்சா', 'அவசம்ரசனா', வங்காளத்தின் 'பரிகாடாமோ' ஆகியன இவ்வகையின. மற்றொரு வழி வசதியை முதன்மைப்படுத்துவது. தெலுங்கின் 'மௌலிக சதுபாயாலு', கன்னடத்தின் 'மூலசௌகர்ய', மலையாளத்தின் 'அடிஸ்தான சௌகர்யம்', மராத்தியின் 'பாயாபூத் சுவிதா' ஆகியன இவ்வகையின. தமிழிலும் 'அடிப்படை வசதி' என்னும் தொடர் உண்டு. எனினும் அது குடிநீர், கழிப்பறை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு ஒதுங்கி, துறைமுகமும் விரைவுச்சாலையும் 'உள்கட்டமைப்பு' என்பதன் கீழ் வந்துள்ளன.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. கட்டமைப்பு என்பது கட்டுபவரை நோக்கிய சொல். கட்டி முடித்த நாளில் அது நிறைவு பெறுகிறது. வசதி என்பது பயன்படுத்துபவரை நோக்கிய சொல். கால்வாயில் நீர் வரும் நாள்வரைதான் அது வசதி. தூர்ந்த கால்வாயும் கட்டமைப்பு என்றே பட்டியலில் இருக்கலாம். அதனை வசதி என்று எவரும் கூறார்.

கணக்கேட்டின் பழைய பகுப்பு இன்றும் தொடர்கிறது. புதிய பணி மூலதனச் செலவு. பராமரிப்பு வருவாய்ச் செலவு. மாநிலங்களின் முதலீட்டை ஊக்குவிக்க ஒன்றிய அரசு 2020-21 நிதியாண்டு முதல் அளித்து வரும் ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடனும் மூலதனச் செலவுக்கே உரியது. கடனைச் சொத்தாக மாறும் செலவுக்கு மட்டுமே தருவது நிதிநெறிக்கு ஏற்றதே. ஆயினும் பழுதுபார்ப்புக்குப் பணம் வேண்டுமாயின் அதனைப் புதிய திட்டம் என்று பெயரிட்டுக் கேட்கும் நிலை இப்பகுப்பிலிருந்து பிறக்கிறது. தெலங்கானாவில் 2015இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் 'மிஷன் காகதீயா' என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ 46,000 ஏரிகள் அதில் கணக்கிடப்பட்டன. ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணி, பல்லாண்டு விடுபட்டபின் பேரரசு ஒன்றின் பெயர் தாங்கிய இயக்கமாக மீண்டது.

தமிழ்நாட்டில் 2017இல் 'குடிமராமத்து' என்னும் பெயரே ஓர் அரசுத் திட்டத்திற்கு இடப்பட்டது. ஊரார் தம் உழைப்பால் செய்த சிறுபணியைக் குறித்த சொல், அரசின் நிதியில் பாசனதாரர் சங்கங்கள் வழிச் செய்யப்படும் பணியைக் குறிக்கலாயிற்று. சொல் மீண்டது, அதன் பொருளில் செலவை ஏற்பவர் மாறினார்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மராமத்து என்னும் பெயர் புதிய முதலீட்டுக்கு இடம் தரவில்லை. கோதாவரியின் வெற்றி அப்பெயரைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவது, அவ்வெற்றியை அளவுகோலாகக் கொண்ட 'ஆக்கப்பணி' என்னும் பெயர், கருவூலத்திற்கு வட்டி ஈட்ட இயலாத வறண்ட மாவட்டங்களை நெடுங்காலம் காத்திருக்கச் செய்தது. அதன் விளைவு வட்டாரப் பொருளாதாரத்திலும், வட்டார வழக்குகளின் மதிப்பிலும், மாநில எல்லைகளிலும் பதிந்தது. மூன்றாவது, உள்கட்டமைப்பு என்னும் இன்றைய பெயர் கட்டுதலை முன்னிறுத்துவதால் பேணுதல் மீண்டும் பெயரற்றதாகும் நிலை உள்ளது.

நிதிநிலை அறிக்கைகளையும் திட்ட ஆவணங்களையும் மொழிபெயர்ப்போர்க்கு இதிலிருந்து ஒரு கடமை எழுகிறது. ஆங்கிலக் கணக்குச் சொல்லுக்கு நிகராக ஒரு தமிழ்ச்சொல்லை இட்டவுடன் பணி முடிந்துவிடாது. அச்சொல் எந்தக் கணக்கில், யாருடைய ஆதாயத்தை அளக்கிறது என்பதும் பெயர்ப்பில் தெளிவாக வேண்டும். 'இலாபகரமான திட்டம்' என்று எழுதுமிடத்தில் 'அரசுக்கு வருவாய் தரும் திட்டம்' என்றும், 'உள்கட்டமைப்பு' என்று எழுதுமிடத்தில் அது சாலையா, மதகா, பள்ளிக் கட்டடமா என்றும் விளங்க எழுதினால், அத்திட்டத்தின் நீரைக் குடிக்கவிருக்கும் வாசகர் அதனைப் பற்றிக் கேள்வி கேட்கவும் இயலும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பொருளியல், பொறியியல் ஆகிய துறைகளுக்குச் சொற்பட்டியல் தயாரிக்கும்போது, இச்சொற்களின் கணக்கேட்டு வரலாற்றையும் உடன் தருதல் பயனுடையதாகும்.